சர்க்கரையும் ஈஸ்டும் போதும், செடிகள் தழைக்கும்

என் 60 லிட்டர் மீன்தொட்டிச் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு தருவது ஒரு பழைய சோடா பாட்டில்தான். 2 லிட்டர் பாட்டிலில் 2 கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், முக்கால் பாகத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். சூடு அதிகமானால் ஈஸ்ட் செத்துவிடும். மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகி, சுற்றிலும் பசை வையுங்கள். தொட்டிக்குள் போகும் முனையில் வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் டிஃப்யூசர், நடுவில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு. இந்த வால்வு கட்டாயம். அது இல்லாமல் ஒருநாள் தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கிவிட்டது.

இரவில் செடிகள் இந்த வாயுவை எடுக்காது, ஈஸ்டோ சர்க்கரையிலிருந்து அதை உண்டாக்குவதை நிறுத்தாது. அதனால் விளக்கை அணைத்ததும் ஏர் பம்பைப் போடுங்கள். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தால் உடனே குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். அடைத்து மட்டும் வைக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும்! இரண்டு வாரத்தில் குமிழி குறையும். அப்புறம் புதிதாகக் கலக்க வேண்டும்.