மலைப் பாட்டைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், கென்டக்கி மாநிலத்தின் வைப்பர் என்னும் சிற்றூரில் 1922-இல் பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த ஜீன் ரிட்சி, வீட்டாரிடம் கேட்டு வளர்ந்த பாட்டுகளைக் கடல் கடந்தும் கொண்டுசென்றவர். அவரைப் போன்ற பரம்பரைப் பாடகரிடம் பாட்டுக் கேட்கச் செல்வோர் செய்யும் பெருந்தவறு, அவரைப் பழம்பாட்டுகளைப் பூட்டிவைத்த பெட்டியாக மட்டும் கருதுவதுதான்.

1916 முதல் 1918 வரை அம்மலைகளில் அலைந்து பாட்டுகளை எழுதிவைத்த ஆங்கிலேயர் செசில் ஷார்ப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் இங்கிலாந்து வழிவந்த கதைப்பாடல்களையே அவர் முதன்மையாகத் தேடியதால், அதே மக்கள் பாடிய பக்திப் பாட்டுகளும், ஆப்பிரிக்க வேர்கொண்ட பான்ஜோ என்னும் தந்திக் கருவியின் இசையும், கறுப்பின மக்களின் பாட்டுகளும் அவருடைய தொகுப்பில் மிகக் குறைவாகவே இடம்பெற்றன. ஆகவே, தேடிப்போனதைக் கேட்ட பிறகு, பாடகர் தாமாகப் பாட விரும்புவதையும் பொறுமையாகக் கேளுங்கள். அது நேற்று இயற்றிய பாட்டாகவும் இருக்கலாம். நிலக்கரிக்காகத் தம் மலைகள் சிதைக்கப்பட்டதைக் கண்ட ரிட்சி அதைப் பற்றித் தாமே பாட்டுக் கட்டினார். ஆண் பெயரில் வந்தால் எளிதில் ஏற்கப்படும் என்று கருதி, அத்தகைய பாட்டுகள் சிலவற்றைத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரில் வெளியிட்டார். அவற்றை மரபுக்குப் புறம்பானவை என்று ஒதுக்குவது, மரபு எப்படி உயிர்வாழ்கிறது என்பதை அறியாமையே ஆகும்.

மெட்டைத் திருத்துவதும் கூடாது. இப்பாட்டுகளில் பல ஐந்து அல்லது ஆறு சுரங்களில் அமைந்தவை. சில பாடகர்களின் சுரம் பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையே நிற்கும். அதைச் சுருதிப் பிழை என்று எண்ணிக் கணினியில் நேர்செய்தால், அந்தக் குரலின் தனித்தன்மை போய்விடும். ரிட்சி வாசித்த டல்சிமர் என்னும் தந்திக் கருவியில் ஒரு பக்கம் மெட்டு நடக்க, மற்றத் தந்திகள் நம் தம்பூராவைப் போல மாறாத சுருதியைத் தந்துகொண்டிருக்கும். அத்தகைய இசைமீது கிதாரின் கார்டுகளை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, அடுக்கினால் மெட்டின் போக்கே மாறிவிடும்.

ஒரே பாட்டின் சொற்கள் பாடகருக்குப் பாடகர் வேறுபட்டால் ஒன்றே சரி என்று முடிவுகட்ட வேண்டாம். 1952-இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் ஆய்வு உதவித்தொகையுடன் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் சென்ற ரிட்சி, தம் குடும்பப் பாட்டுகளின் உறவு வடிவங்களைத் தேடியே பயணம் செய்தார். ஒவ்வொரு வடிவத்தையும் அப்படியே எழுதி, யாரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடியது என்பதையும் உடன் குறியுங்கள். மரபுப் பாட்டு என்பதால் யாருக்கும் உரிமையில்லை என்று கொள்ளாமல், வெளியிடும் முன் பாடகரின் இசைவைப் பெற்று, பதிவின் ஒரு படியை அவர் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.