ஜிம் ரீவ்ஸா, ஹேங்க் வில்லியம்ஸா: பிராய் அடுப்புப் பக்கத்தில் தோற்காமல் வாதாடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பிராய் (வெளியில் கரி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவது) போட்டால், கரியில் ஆட்டுச் சாப்ஸ் வேகிற நேரத்துக்குள் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். கன்ட்ரி பாட்டுக்காரர்களில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார்? டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு அமெரிக்கக் கிராமத்துப் பாட்டோடு என்ன சம்பந்தம் என்று மதுரைக்காரர் கேட்கலாம். இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான், அதுவரை வானொலியும் இசைத்தட்டும்தான் கதி. ஜிம் ரீவ்ஸ் 1962இல் இங்கே வந்து பாடினார், அடுத்த வருஷம் மறுபடி வந்து ‘கிம்பர்லி ஜிம்’ என்று ஒரு படத்திலேயே நடித்தார், இங்கத்து வெள்ளையர்கள் பலர் பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் பாடிப் பதிவு செய்தார். எங்கள் தாத்தாவின் பெட்டியில் டி.எம்.எஸ். தட்டுகளுக்கு நடுவே ஜிம் ரீவ்ஸும் இருந்தார். நாங்கள் அவரை வெள்ளைக்காரப் பாட்டுக்காரர் என்றுகூட நினைத்ததில்லை, வீட்டு ஆள் மாதிரி.

சிக்கலே அங்கேதான். ஜிம் ரீவ்ஸை முதலிடத்தில் வைத்தால், அமெரிக்கப் பட்டியல்களைக் கைபேசியில் பார்த்து வைத்திருக்கிற அக்கா மகன் சிரிக்கிறான். “சும்மா இருங்க மாமா, அவர் முதல் பத்துலயே இல்ல.” அவனிடம் நாலைந்து முறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கற்றதை எழுதுகிறேன்.

முதலில், வாயைத் திறப்பதற்கு முன்பே, ‘பெரியவர்’ என்றால் என்ன என்று எதிராளியைச் சொல்ல வையுங்கள். சிவாஜி, எம்.ஜி.ஆர். சண்டை ஏன் முடியவே இல்லை? ஒருவர் நடிப்பைப் பேசுவார், மற்றவர் கூட்டத்தைப் பேசுவார், இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தான். பாதை போட்டவரா, பாட்டு எழுதியவரா, குரலா, விற்பனையா? எது என்று முடிவாகாமல் பெயர் சொல்லாதீர்கள்.

பாதை போட்டவர் என்றால் ஜிம்மி ராட்ஜர்ஸ், அதில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 1927இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் நடந்த ஒலிப்பதிவில் அவரும் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவும் ஒரே வாரத்தில் பாடினார்கள், பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டு வாய்க்காலில் ஒன்றில் ஓடிய தண்ணீர்தான். காசநோயோடு பாடிக்கொண்டே இருந்து 1933இல் 35 வயதில் போய்விட்டார். எதிராளி மடங்கவில்லை என்றால் நம் கண்டத்துக் கதையை எடுங்கள்: ஆப்பிரிக்க இசையைத் தேடித் தேடிப் பதிவு செய்த ஹியூ டிரேசி 1950இல் கென்யாவில் கிப்சிகிஸ் பெண்கள் பாடியதைப் பதிவு செய்தபோது அதில் ‘செமிரோச்சா’ என்று ஒரு பெயர் வந்தது. இசைத்தட்டில் கேட்ட ஜிம்மி ராட்ஜர்ஸின் பெயர்தான் அப்படி உருமாறியிருந்தது, பாதி மனிதன் பாதி மான் என்று அவரை ஏதோ தேவதை ஆக்கியிருந்தார்கள். வேறு எந்தப் பாட்டுக்காரருக்கு இது நடந்திருக்கிறது?

எண்ணிக்கையைக் கொண்டு வருகிறவரிடம் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும், எந்தப் பட்டியல்? ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டுக்கு 60 முதலிடப் பாட்டு என்பார்கள். அது பல பத்திரிகைப் பட்டியல்களைக் கூட்டிச் சொல்லும் கணக்கு. பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையில் மட்டும் பார்த்தால் 44. அதுவும் மலைதான், கான்வே ட்விட்டியின் 40ஐத் தாண்டியது. ஆனால் 60 என்று அடித்துப் பேசியவர் 44க்கு இறங்கும்போது அவர் குரலும் கொஞ்சம் இறங்கும், அது உங்களுக்கு லாபம்.

ஹேங்க் வில்லியம்ஸ் விஷயத்தில் எச்சரிக்கை. 1953 புத்தாண்டு நாளில், கார் பின்சீட்டில், 29 வயதில் இறந்த மனிதர், அதற்குள் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் “எல்லாம் அவரே எழுதியது” என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். 1949இல் அவரை நட்சத்திரமாக்கிய ‘லவ்சிக் புளூஸ்’ அவர் எழுதியதல்ல, அதற்கு இருபது வருஷத்துக்கும் மேல் முந்தைய பாட்டு. பாட்ஸி கிளைனின் ‘கிரேஸி’யும் அப்படித்தான், எழுதியவர் வில்லி நெல்சன். நேர்மாறாக, விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே அழுத ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வை எழுதியவர் டாலி பார்ட்டன். 1974இலேயே அவர் குரலில் முதலிடம், 1982இல் மறுபடி முதலிடம். எல்விஸ் அதைப் பாட ஆசைப்பட்டபோது அவர் தரப்பு உரிமையில் பாதி கேட்டது, டாலி தரமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கண்டிப்புக்காகவே அவருக்கு நான் தனி மதிப்பெண் போடுவேன், இது வாதமல்ல என்று தெரிந்தும்.

சிறைப் பாட்டு என்று வந்தால் ஜானி கேஷை எல்லாரும் தூக்குவார்கள். 1968இல் ஃபால்சம் சிறையில் பதிவான தட்டு மகத்தானது, சந்தேகமில்லை. ஆனால் கேஷ் அங்கங்கே ஒரு ராத்திரி காவலில் இருந்ததோடு சரி, சிறைத் தண்டனை அனுபவித்தவரல்ல. அனுபவித்தவர் மெர்ல் ஹேகர்ட். கேஷ் சான் குவென்டின் சிறைக்குப் பாட வந்த ஒரு சமயம், கைதிகளோடு கைதியாக உட்கார்ந்து கேட்டவர் அவர். இதை முதலிலேயே கொட்டிவிடாதீர்கள், எதிராளி கேஷைப் பற்றி நன்றாக நீட்டிப் பேசி முடிக்கட்டும்.

பெண் பெயர் இல்லாத பட்டியலோடு போனால் அத்தைமார் சமையலறையிலிருந்து வந்து முடித்துவிடுவார்கள், அவர்கள் செய்வது நியாயமும்கூட. லொரெட்டா லின் 1972இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கிய முதல் பெண். கருத்தடை மாத்திரையைப் பற்றி 1975இல் பாட்டு வெளியிட்டவர், வானொலி நிலையங்கள் பல அதைப் போடமாட்டோம் என்றுவிட்டன.

அதே விருதை அதற்கு முந்தைய வருஷம் வாங்கியவர் சார்லி பிரைட். இவரை விட்டுவிட்டு எங்கள் ஊரில் யாரும் இந்தப் பேச்சைப் பேசக்கூடாது என்பது என் கட்சி. மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் வளர்ந்த கறுப்பர், கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த அணிகளில் பேஸ்பால் ஆடியவர். முதல் தட்டுகளை வானொலிக்காரர்களுக்குப் புகைப்படம் இல்லாமலேயே அனுப்பினார்கள். பில்போர்டில் 29 முதலிடப் பாட்டுகள். வெள்ளையருக்குத் தனி பெஞ்சு இருந்த காலத்தில் என் பெரியப்பா அவர் தட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே வேறு யாருடைய தட்டையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தாராம். “இது வெள்ளைக்காரன் பாட்டாச்சே” என்று யாராவது இழுத்தால், கன்ட்ரியில் வாசிக்கிற பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியமே அடிமைகளோடு ஆப்பிரிக்காவிலிருந்து போன வாத்தியங்களின் வழிவந்தது என்பதை நினைவுபடுத்தினால் போதும்.

சரி, ஜிம் ரீவ்ஸ். அவரை எப்படிக் காப்பாற்றுவது? பாதை போட்டவர் என்று சொல்லாதீர்கள், பாட்டு எழுதியவர் என்றும் சொல்லாதீர்கள், இரண்டிலும் அடி விழும். குரல் என்ற ஒரே கட்டத்துக்குள் விவாதத்தை இழுத்து வாருங்கள். ஆரம்பத்தில் அவரும் மற்றவர்கள் போல எடுப்பாகத்தான் பாடினார், 1953இன் ‘மெக்சிகன் ஜோ’ கேட்டால் அவரா என்று இருக்கும். 1957இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாட்டுக்கு மைக்குக்கு ஒட்டி நின்று, குரலை இறக்கி, காதோடு பேசுவது போலப் பாடினார். ராக் அண்ட் ரோல் கன்ட்ரியை விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அப்புறம் வந்த ‘ஹீல் ஹாவ் டு கோ’ 1960இல் 14 வாரம் கன்ட்ரிப் பட்டியலின் உச்சியில் இருந்தது. வயலினும் கோரஸும் சேர்ந்தால் அது கன்ட்ரியே இல்லை என்பான் மருமகன். அப்போது பி.பி. ஸ்ரீனிவாஸைக் கேளுங்கள் என்பேன். டி.எம்.எஸ். மாதிரி கம்பீரம் இல்லை என்பதால் அவர் பாடியது பாட்டில்லையா? தமிழ் தெரிந்தவனுக்கு இது உடனே உறைக்கும். “இளவயதில் விமானம் விழுந்து செத்தார்” என்ற அனுதாபத்தை மட்டும் எடுக்காதீர்கள், பாட்ஸி கிளைனும் அப்படித்தான் 30 வயதில் போனார். அனுதாபத்தில் போட்டி வைத்தால் நாற்பது வயது ஜிம் தோற்பார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஆளுக்கு ஒரே பாட்டு, முழுதாகப் போட வேண்டும், ஓடும்போது யாரும் பேசக்கூடாது, தோற்றவர் கால் மட்டன் பன்னி வாங்கித் தர வேண்டும். (ஊரில் இருப்பவர்கள் பதற வேண்டாம், ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றுவதற்கு இங்கே அதுதான் பெயர்.) போன மாதம் குரல் என்ற கட்டத்துக்குள் எல்லாரையும் அழகாக இழுத்து வந்து, ஜிம்மைப் போட்டுவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருந்தேன். மருமகன் ஒன்றும் பேசாமல் ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’வைப் போட்டான். செத்த பிறகுதான் காதலை நிறுத்திய ஒருவனின் கதை. பாட்டு முடியும்போது சாப்ஸைத் திருப்ப யாருக்கும் ஞாபகம் இல்லை, ஒரு பக்கம் கருகிவிட்டது. பன்னி நான்தான் வாங்கினேன்.