குறைந்த ப்ரீமியமா, பழகின டாக்டரா? முடிவெடுக்க ஒரு கணக்கு

அமெரிக்காவில் அக்டோபர் கடைசி, நவம்பர் ஆனால் ஆபீசிலிருந்து ஓபன் என்ரோல்மென்ட் மெயில், அதாவது அடுத்த வருட ஹெல்த் இன்சூரன்ஸ் பிளானைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மெயில், வந்துவிடும். மாதம் இருநூறு டாலர் குறைவாக ஒரு பிளான் கண்ணில் படும், ஆசை வரும், தேடிப் பார்த்தால் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் டாக்டர் அந்த பிளானின் நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட டாக்டர்கள் பட்டியலில்) இருக்க மாட்டார். வீட்டில் ஒருவர் "டாக்டரை மாற்றவே கூடாது" என்பார், இன்னொருவர் "எல்லா டாக்டரும் ஒன்றுதான், பணத்தைப் பார்" என்பார். இரண்டு பேருமே கணக்குப் போடாமல்தான் பேசுகிறார்கள். இந்த டாக்டரை வைத்துக்கொள்ள வருடத்துக்கு எத்தனை டாலர் கூடுதலாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் வீட்டில் எல்லோருடைய டாக்டர்களையும் எழுதுங்கள். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிற டாக்டர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அந்த வேலையை இன்னொருவரும் செய்துவிடுவார். ஐந்து வருடமாக ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் சரியான அளவைக் கண்டுபிடித்துவைத்திருக்கிற ஸ்பெஷலிஸ்ட் கதை வேறு, அவரை விட்டால் அந்தத் தேடலில் ஒரு பகுதியை மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மனநல டாக்டர், தெரபிஸ்ட், ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பார்க்கிறவர், புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு கண்காணிக்கிறவர், இவர்களெல்லாம் "விடக்கூடாது" பட்டியல். தமிழ் பேசுகிற டாக்டர் என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு, குறிப்பாக வயதான பெற்றோர் கூட இருந்து, அவர்களுக்கு நெஞ்சு எரிச்சலுக்கும் நெஞ்சு வலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது என்றால். மற்றவர்களைப் பற்றி நேர்மையாக யோசித்தால், பழக்கத்தினால்தான் போகிறோம் என்று பல இடங்களில் தெரியவரும்.

டாக்டர் நிஜமாகவே நெட்வொர்க்கில் இல்லையா?

இன்சூரன்ஸ் கம்பெனியின் வெப்சைட் தேடலை மட்டும் நம்பாதீர்கள். இருக்கிற டாக்டரை இல்லை என்றும், ஓய்வுபெற்றுப் போனவரை இருக்கிறார் என்றும் காட்டும். க்ளினிக்குக்கு போன் பண்ணுங்கள், ஆனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "இந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் ரிசப்ஷனில் இருப்பவர் "ஆமாம்" என்பார். எடுத்துக்கொள்வது வேறு, நெட்வொர்க்கில் இருப்பது வேறு. ஒரே கம்பெனிக்கு அகலமான நெட்வொர்க், குறுகலான நெட்வொர்க் என்று நாலைந்து இருக்கும், விலை குறைந்த பிளான் பெரும்பாலும் குறுகலானதில்தான் வரும். பிளான் விவரத்தில் இருக்கும் நெட்வொர்க்கின் முழுப்பெயரைப் படித்துக்காட்டி, "ஜனவரி 1 முதல் இந்த நெட்வொர்க்கில், இந்த முகவரியில், இந்த டாக்டர் இருக்கிறாரா?" என்று பில்லிங் பிரிவில் கேளுங்கள். முகவரி முக்கியம், ஒரே டாக்டர் ஒரு க்ளினிக்கில் நெட்வொர்க்குக்கு உள்ளேயும் இன்னொன்றில் வெளியேயும் இருப்பது சாதாரணம்.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போன் பண்ணி, டாக்டரின் பத்து இலக்க என்.பி.ஐ. எண்ணை (ஒவ்வொரு டாக்டருக்கும் உள்ள அடையாள எண்) கொடுத்து அதே கேள்வியைக் கேளுங்கள், அந்த அழைப்புக்கு ஒரு குறிப்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள். டைரக்டரி பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி கம்பெனிகள் 90 நாளைக்கு ஒருமுறை டைரக்டரியைச் சரிபார்க்க வேண்டும், தவறான டைரக்டரியை நம்பி நீங்கள் போயிருந்தால் நெட்வொர்க்குக்கு உள்ளே ஆகிற பங்கைத்தான் உங்களிடம் கேட்கலாம். ஸ்கிரீன்ஷாட் இல்லாவிட்டால் இதை நிரூபிப்பது கஷ்டம்.

டாக்டரோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் அனுப்புகிற லேப், ஸ்கேன் எடுக்கிற இடம், பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி, நீங்கள் தினமும் சாப்பிடுகிற மருந்து புது பிளானின் மருந்துப் பட்டியலில் எந்த விலை அடுக்கில் இருக்கிறது, இதெல்லாமும் பாருங்கள். டாக்டர் உள்ளே, ஆஸ்பத்திரி வெளியே என்ற கூத்தும் நடக்கும்.

கணக்கு

ப்ரீமியத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இரண்டு வருடங்களைக் கற்பனை செய்யுங்கள்: ஒன்று சாதாரண வருடம், இன்னொன்று ஆபரேஷனோ ஐ.சி.யு.வோ வந்த மோசமான வருடம்.

உதாரணத்துக்கு நாலு பேர் குடும்பம். இப்போதைய பி.பி.ஓ. பிளானுக்கு (நெட்வொர்க்குக்கு வெளியேயும் போக விடுகிற வகை) மாதம் 620 டாலர், ஒரு விசிட்டுக்கு நாம் கொடுக்கிற கோ-பே 30 டாலர், வருடத்தில் கையை விட்டுப் போகும் உச்சவரம்பு 6,000. மலிவான ஹை-டிடக்டிபிள் பிளானுக்கு மாதம் 390, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) 6,000, உச்சவரம்பு 12,000, ஆனால் ஆபீஸ் உங்கள் ஹெச்.எஸ்.ஏ. கணக்கில் (மருத்துவச் செலவுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 1,000 டாலர் போடும். வருடத்துக்கு 12 விசிட், டிடக்டிபிள் தீரும்வரை ஒவ்வொன்றும் 150 டாலர் என்று வையுங்கள்.

சாதாரண வருடத்தில் பழைய பிளான் 7,440 ப்ரீமியம், 360 கோ-பே, மொத்தம் 7,800. புதியது 4,680 ப்ரீமியம், 1,800 விசிட் செலவு, அதில் 1,000 கழித்தால் 5,480. மலிவான பிளான் 2,320 டாலர் மிச்சம் பிடிக்கிறது. மோசமான வருடத்தில் பழையது 13,440, புதியது 15,680. இப்போது பழைய பிளான்தான் 2,240 டாலர் லாபம். உங்கள் வீட்டில் மோசமான வருடம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும், ஆனால் நிச்சயமான சர்ஜரியோ பிரசவமோ அடுத்த வருடம் காத்திருந்தால் அது கற்பனை இல்லை, அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆபீஸ் பிளானில் ப்ரீமியம் பொதுவாக வரிக்கு முன்னாலேயே சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. அதனால் ப்ரீமியத்தில் 2,760 டாலர் குறைந்தால் அவ்வளவும் கைக்கு வராது. எல்லா வரியும் சேர்த்து உங்களுக்கு 30 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,930தான். ஹெச்.எஸ்.ஏ.வில் போட்டால் அந்த வரியையும் தப்பிக்கலாம், 2026-இல் தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போட முடியும்.

இப்போது டாக்டரை இந்தக் கணக்குக்குள் கொண்டுவாருங்கள். பலரும் கவனிக்காத விஷயம் இதுதான்: ஹை-டிடக்டிபிள் பிளானில் டிடக்டிபிள் தீரும்வரை எப்படியும் முழுக்கட்டணம் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். ஆகவே நெட்வொர்க்கில் இல்லாத பழைய டாக்டரிடம் கைக்காசு கொடுத்துப் போனால் நிஜமான கூடுதல் செலவு, அவர் கேட்கிற தொகைக்கும் நெட்வொர்க் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அவர் 200 கேட்டால், நெட்வொர்க் டாக்டருக்கு 150 என்றால், நாலு விசிட்டுக்கு 200 டாலர் கூடுதல். மேலே வந்த 2,320-இல் 200 போனால் என்ன? தாராளமாகப் போகட்டும். ஆனால் இந்தப் பணம் டிடக்டிபிளில் சேராது, மோசமான வருடமானால் அது தனிச்செலவு.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. குழந்தைகளின் வருடாந்திரப் பரிசோதனையும் தடுப்பூசிகளும் நெட்வொர்க்குக்குள் இலவசம். வெளியே போனால் தடுப்பூசி பில் மட்டுமே நெட்வொர்க் விலை வித்தியாசத்தை விழுங்கிவிடும். இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நெட்வொர்க்கில் இல்லாத குழந்தை டாக்டரிடம் கைக்காசு கொடுத்துப் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பத்து வயதுப் பையன் என்றால் யோசிக்கலாம்.

கைக்காசு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். இன்சூரன்ஸ் பயன்படுத்தாமல் வருகிறவருக்கு அதைத் தர வேண்டும் என்பது சட்டம், பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். சில டாக்டர்கள் மாதச்சந்தா முறையில் பார்க்கிறார்கள், டைரக்ட் ப்ரைமரி கேர் என்பார்கள். 2026 முதல் தனிநபருக்கு மாதம் 150, குடும்பத்துக்கு 300 டாலருக்குள் சந்தா இருந்தால் அது ஹெச்.எஸ்.ஏ.வுக்குத் தடை இல்லை.

மலிவான பிளான் என்ன வகை என்று பாருங்கள். ஹெச்.எம்.ஓ. என்றால் முதன்மை டாக்டர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஸ்பெஷலிஸ்டிடம் போகப் பெரும்பாலும் அவரிடம் ரெஃபரல் வாங்க வேண்டும் (மகப்பேறு டாக்டருக்கு ரெஃபரல் வேண்டாம்), அவசர சிகிச்சை தவிர வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது. வெளி டாக்டர் எழுதுகிற ஸ்கேனை ஹெச்.எம்.ஓ. ஏற்குமா என்று தனியாகக் கேட்டே ஆக வேண்டும், ஏற்காவிட்டால் மேலே சொன்ன கைக்காசு வழி ஓட்டையாகிவிடும். ஈ.பி.ஓ.வில் பெரும்பாலும் ரெஃபரல் தொல்லை இல்லை, ஆனால் வெளியே இதே கதிதான். பி.பி.ஓ.வில் வெளியே போகலாம் என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டாக்டர் 300 டாலர் பில் போட்டால் கம்பெனி "நியாயமான தொகை 140" என்று வைத்துக்கொண்டு அதில் 60 சதவீதம், அதாவது 84 டாலர் கொடுக்கும், மீதி 216 உங்கள் தலையில். அதுவும் நெட்வொர்க்குக்கு வெளியே போவதற்கென்று உள்ள தனி டிடக்டிபிள் தீர்ந்த பிறகு. வருடாந்திரச் செலவுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு (2026-க்குத் தனிநபருக்கு 10,600, குடும்பத்துக்கு 21,200) நெட்வொர்க்குக்கு உள்ளே ஆகிற செலவுக்கு மட்டும்.

எப்போது மாறவே வேண்டாம்

கர்ப்பமாக இருக்கும்போது, கீமோ நடக்கும்போது, சர்ஜரி தேதி குறித்தபிறகு மாறாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். டாக்டருக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முறிந்து அவர் நெட்வொர்க்கை விட்டுப் போனால் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு 90 நாள் வரை பழைய விலையிலேயே சிகிச்சை தொடர மத்தியச் சட்டம் வழி செய்கிறது. நீங்களாகப் பிளான் மாறினால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. சில கம்பெனிகள் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் இடைக்கால அனுமதி கொடுக்கும், அதற்கென்று ஒரு படிவம் உண்டு, சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

அதிக ப்ரீமியம் கட்டி டாக்டரைத் தக்கவைத்துக்கொண்டாலும் உத்தரவாதம் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். ஏப்ரல் மாதம் அவருடைய க்ளினிக்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாங்கி நெட்வொர்க்கிலிருந்து விலகலாம், அதைக் காரணம் காட்டி நடுவருடத்தில் பிளான் மாற்றப் பொதுவாக விடமாட்டார்கள். அதனால் வித்தியாசம் வருடத்துக்கு 500, 600 டாலர் என்றால், "விடக்கூடாது" பட்டியலில் இருக்கிற டாக்டருக்காக நான் கொடுத்துவிடுவேன். 3,000 என்றால், அவர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், மாறிவிடுவேன். நடுவில் இருக்கிற தொகைக்கு டாக்டரிடமே பேசுங்கள், "இந்த பிளானுக்கு மாறலாமா என்று பார்க்கிறேன், அதில் உங்களுக்குத் தெரிந்த நல்ல டாக்டர் யார்?" என்று கேட்டால் நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை, பெயர் சொல்லி அனுப்புவார்கள்.

மாறுவது என்று முடிவானால் டிசம்பருக்குள் சில வேலைகள். தொடர் மருந்துகளுக்கு 90 நாள் ரீஃபில் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் பழைய பிளான் கொடுத்த முன் அனுமதி புதியதில் செல்லாமல் போகலாம், மறுபடி வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். மருத்துவக் குறிப்புகளை முழுசாகக் கேட்டு வாங்குங்கள், கேட்ட 30 நாளுக்குள் பொதுவாகத் தர வேண்டும் என்பது ஹிப்பா (மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டம்) விதி. போர்ட்டலில் தெரிகிற சுருக்கம் போதாது, ஸ்கேன் படங்கள், தடுப்பூசி அட்டை, ஸ்பெஷலிஸ்ட் கடிதங்கள் எல்லாம் வேண்டும். ஹெச்.எம்.ஓ. என்றால் முதன்மை டாக்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள், விட்டால் அவர்களே யாரையாவது போட்டுவிடுவார்கள். புது டாக்டரிடம் முதல் அப்பாயின்ட்மென்ட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே போடுங்கள், புது நோயாளிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஊர்கள் நிறைய.

பழைய க்ளினிக்கில் கணக்கை மூடச் சொல்ல வேண்டாம். பில்லிங் விதிப்படி, அதே டாக்டரையோ அதே குழுவில் அதே பிரிவு டாக்டரையோ கடைசியாகப் பார்த்து மூன்று வருடம் ஆகும்வரை நீங்கள் பழைய நோயாளிதான், புது நோயாளிக் கட்டணம் போட முடியாது. அடுத்த வருடம் திரும்பிப் போக நேர்ந்தால் இது உதவும்.