கொழும்பு மத்தித் தொகுதியின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

பழைய தொகுதியின் வரலாற்றைத் தேடுவோர் வென்றவர்களின் பெயர்ப் பட்டியலில்தான் முதலில் கைவைப்பார்கள். கொழும்பு மத்திக்கு அது சரிப்படாது. முதலில் வாக்களித்த முறையை விளங்கிக்கொள்ளுங்கள்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கையின் 89 தொகுதிகளுள் மூன்று உறுப்பினர்களை அனுப்பியது இது ஒன்றுதான். வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். மூவருக்குப் பிரித்துப் போடலாம்; மூன்றையும் ஒருவருக்கே போடலாம். மருதானையில் கடை வைத்திருந்த என் பெரியப்பா கம்யூனிஸ்ட் வேட்பாளர் பீட்டர் கெனமனை மனதில் வைத்து ஒவ்வொரு தேர்தலுக்கும் "மூன்றும் கெனமனுக்கே" என்பார். எனவே அட்டவணையில் வாக்குகளின் கூட்டுத்தொகை வாக்காளர் தொகையைத் தாண்டி நிற்கலாம். அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். மூன்றால் வகுத்து ஆதரவாளர் இத்தனை பேர் என்று எழுதுவதும் வெறும் ஊகமே.

இனி பெயர்களுக்கு வரலாம். 1947இல் வென்றவர்கள் ஏ. ஈ. குணசிங்க, டி. பி. ஜாயா, பீட்டர் கெனமன். தொழிற்சங்கத் தலைவரான சிங்களவர், ஸாஹிரா கல்லூரி அதிபராக இருந்த மலாயர், கம்யூனிஸ்டான பறங்கியர். சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்கட்டும் என்றே பல அங்கத்தவர் தொகுதிகள் வகுக்கப்பட்டன. அந்தக் கணக்கு இங்கே பலித்தது என்பதே என் கருத்து.

1960ஐக் குறிக்கும்போது மாதத்தையும் எழுதுங்கள். மார்ச்சில் வென்ற ஆர். பிரேமதாச ஜூலையில் தோற்று, 1965இல் திரும்பி வந்தார். கெனமன் 1947 முதல் 1977 வரை அசையவில்லை. 1977இல் பிரேமதாச, ஜாபிர் ஏ. காதர், ஹலீம் இஷாக் ஆகியோர் தெரிவாயினர்.

எந்தெந்தத் தெருக்கள் தொகுதிக்குள் இருந்தன என்ற விவரம் வேண்டுமென்றால் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எல்லை நிர்ணய ஆணைக்குழு அறிக்கைகளையும் வர்த்தமானியையும் கேளுங்கள். பத்திரிகைகளுக்கு, தேர்தலுக்கு மறுநாள் தேதியிட்ட வீரகேசரி, தினகரன் பிரதிகளைத் தேதி சொல்லிக் கேட்டால் வேலை சுருங்கும். 1952ஐ 1947உடன் ஒப்பிடுவோர் 1948 குடியுரிமைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்திருங்கள். இந்திய வம்சாவளித் தமிழர் பெருந்தொகையினர் இடையில் வாக்குரிமையை இழந்திருந்தார்கள்.

1989இல், கட்சிகள் பெறும் வாக்குகளுக்கு ஏற்ப மாவட்ட அளவில் இடங்களைப் பகிரும் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்ததும் தொகுதியின் கதை முடிகிறது. கொழும்பு மாவட்டத்தில் 'கொழும்பு மத்தி' என்ற பெயர் வாக்கெண்ணும் பிரிவாக இன்றும் இருக்கிறது. அதன் எண்களை 1977உடன் ஒரே வரைபடத்தில் கோத்துவிடாதீர்கள்.