முந்திரியும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த வெண்ணெய்

என் மகளுக்குப் பால் ஒவ்வாது. அவளும் ரொட்டியில் ஆசையாக எதையாவது தடவித் தின்ன வேண்டும் என்றுதான் இதைச் செய்யத் தொடங்கினேன்.

50 கிராம் முந்திரியை வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். 80 மில்லி இனிப்பில்லாத சோயா பால், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி உப்பு, நிறத்துக்குச் சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து மிக்சியில் மைய அரையுங்கள்.

அடுத்ததில்தான் கவனம் தேவை. உருகிய தேங்காயெண்ணெய் 150 மில்லியுடன் இரண்டு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் கலந்து, மிக்சி ஓடும்போதே நூல் போல ஊற்றுங்கள். எண்ணெயும் விழுதும் ஒரே மிதமான வெப்பத்தில் இருந்தால்தான் ஒன்றுசேரும். ஒருமுறை அவசரத்தில் மொத்தமாகக் கொட்டினேன். எண்ணெய் தனியே பிரிந்து நின்றது. பத்து நிமிடம் குளிரவைத்து மறுபடி அடித்ததும் சேர்ந்துகொண்டது.

செக்கு எண்ணெயில் தேங்காய் வாசம் தூக்கலாக இருக்கும். தோசைக்கு எனக்கு அதுவே பிடிக்கும். கேக்குக்குச் சுத்திகரித்த எண்ணெய் போதும்.

கிண்ணத்தில் ஊற்றி நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே மேசையில் விட்டுவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவோம்.