கல்யாணமான புதுசுல லாங் வீக்கெண்டா? பக்கத்துலயே சுத்திட்டு வர ஸ்டெப் பை ஸ்டெப் பிளான்

லாங் வீக்கெண்ட் வருதுன்னாலே புதுசா கல்யாணம் ஆனவங்ககிட்ட எல்லாரும் கேக்குறது "எங்க போறீங்க?"ன்னுதான். உடனே ரெண்டு பேரும் ஃபோன எடுத்து தூரத்து ஊருக்கு டிக்கெட் பாக்க ஆரம்பிப்பாங்க, டிக்கெட் இருக்காது, இருந்தாலும் ரேட் ஏறியிருக்கும், ரூம் கெடைக்காது, கடைசில எதுவும் அமையாம மூணு நாளும் ஃபோன பாத்தே போயிடும். அதுக்கு பதிலா வீட்டுலேருந்து ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள இருக்குற இடமா பாத்து போய்ட்டு அன்னிக்கே திரும்பி வாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

காசு மிச்சம்ங்கறது ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் வேற. கல்யாணமான புதுசுல ஒருத்தர பத்தி இன்னொருத்தருக்கு தெரியாதது நிறைய இருக்கும், அதுல பாதி வெளிய கெளம்பினாதான் தெரிய வரும். யாரு காலைல சுறுசுறுப்பா இருப்பாங்க, யாருக்கு பசி வந்தா பேச்சு கொறஞ்சிடும், யாரு வேகமா நடப்பாங்க, யாருக்கு வண்டில போனா தலை சுத்தும், யாருக்கு கூட்டம்னாலே ஆகாது. இதெல்லாம் ஒரு வார டூர்ல நாலாவது நாள் தெரிய வந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். பக்கத்துல போனப்போ தெரிஞ்சா, வண்டிய திருப்பினா வீடு.

ஸ்டெப் 1: தனித்தனியா எழுதுங்க

இதுதான் ரொம்ப முக்கியமான ஸ்டெப், இத மட்டும் விட்டுடாதீங்க. புது ஜோடிக்குள்ள பேச்சு எப்டி போகும்னா,

"எங்கயாவது போலாமா?"
"ம்ம், போலாமே. எங்க?"
"நீயே சொல்லு."
"உங்களுக்கு எது ஓகேவோ அதே எனக்கும் ஓகே."
"இல்ல இல்ல, உனக்கு புடிச்ச எடமா சொல்லு."

அரை மணி நேரம் இப்டியே ஓடும். ரெண்டு பேருமே அன்பாத்தான் விட்டுக்குடுக்குறாங்க, அதுல தப்பே இல்ல, ஆனா முடிவு என்னாகும்னா ரெண்டு பேருக்குமே புடிக்காத ஒரு எடத்துக்கு போய் நிப்பாங்க. இதுக்கு அபிலீன் முரண்பாடுன்னு ஒரு பேரே இருக்கு. ஜெர்ரி ஹார்வின்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1974ல தன் வீட்டுல நடந்தத வெச்சு எழுதினது. டெக்சாஸ்ல கோல்மன்னு ஒரு சின்ன ஊரு, நல்ல வெயில் காலம், அவரும் மனைவியும் மாமனார் மாமியாரோட வராந்தால உக்காந்து டாமினோன்னு ஒரு கட்டை விளையாட்டு ஆடிட்டு நிம்மதியாதான் இருந்தாங்க. திடீர்னு மாமனார் "அபிலீன் போய் சாப்ட்டு வரலாமா?"ன்னு கேட்டார். 53 மைல், அதாவது சுமார் 85 கிலோமீட்டர், கார்ல ஏசி கெடையாது. மனைவி நல்ல ஐடியான்னாங்க, இவரும் தலைய ஆட்டினார், மாமியாரும் வர்றேன்னாங்க. நாலு மணி நேரம் கழிச்சு புழுதியும் வேர்வையுமா வீடு வந்து சேந்தப்புறம் பேசினாதான் தெரியுது, நாலு பேர்ல ஒருத்தருக்கு கூட போற இஷ்டமே இல்ல! கேட்ட மாமனாரே, மத்தவங்களுக்கு போரடிக்குமோன்னுதான் கேட்டாராம்.

அதனால ஆளுக்கு ஒரு பேப்பர் எடுத்து, ஒருத்தர் எழுதுறத இன்னொருத்தர் பாக்காம, போணும்னு நெனைக்குற மூணு எடம், வேணவே வேணாம்னு தோணுற ஒரு விஷயம், இது ரெண்டையும் எழுதுங்க. எட பேரு தோணலன்னா என்ன மாதிரி இருக்கணும்னு எழுதினாலும் போதும், "தண்ணி பக்கத்துல சும்மா உக்காரணும்", "பழைய கட்டடம் ஏதாவது பொறுமையா பாக்கணும்", "நிறைய நடக்கணும்", இந்த மாதிரி. அப்புறம் பேப்பர மாத்திக்கோங்க. அந்த "வேணாம்" வரிய மொதல்ல படிங்க. ஒருத்தர் "கூட்டத்துல லைன்ல நிக்க முடியாது"ன்னு எழுதியிருந்தா, அத ஏன்னு கேட்டு வாதம் பண்ணாம அப்டியே ஏத்துக்கோங்க, அந்த ஒரு வரியே பாதி எடத்த லிஸ்ட்லேருந்து எடுத்துடும். மிச்சம் இருக்குறதுல ரெண்டு பேப்பருக்கும் பொதுவா ஏதாவது இருந்தா அதுதான் உங்க எடம். பொதுவா ஒண்ணும் இல்லன்னா இந்த தடவ ஒருத்தரோடது, அடுத்த லீவுக்கு இன்னொருத்தரோடது, ரெண்டு பேப்பரயும் பத்திரமா எடுத்து வைங்க.

பட்ஜெட்டும் இதே மாதிரிதான். ஆளுக்கொரு தொகைய எழுதி அப்புறம் காட்டுங்க, ரெண்டுல எது கம்மியோ அதுதான் பட்ஜெட்.

ஸ்டெப் 2: தூரத்த நேரத்துல அளங்க

கிலோமீட்டர பாத்து ஏமாறாதீங்க. 40 கிலோமீட்டர் ஒரு ரோட்ல முக்கால் மணி நேரம், இன்னொரு ரோட்ல ரெண்டு மணி நேரம். கூகுள் மேப்ல கெளம்புற நேரத்தயும் நாளையும் போட்டு பாக்க முடியும், அது வழக்கமா அந்த கிழமைல எவ்ளோ நேரம் ஆகும்னு ஒரு கணக்கு காட்டும். ஆனா லீவு நாள் வழக்கமான நாள் கெடையாதுல்ல, அதனால அது காட்டுறதோட பாதிய கூட்டிக்கோங்க. ஒரு மணி நேரம்னு காட்டினா ஒண்ணரைன்னு வைங்க.

ஒண்ணரை மணி நேரம்னு ஏன் சொல்றேன்னா, போக வர மூணு மணி நேரம் போனாலும் பத்து மணி நேர நாள்ல ஏழு மணி நேரம் கைல இருக்கும். மூணு மணி நேர தூரம்னா போக வரவே ஆறு, அங்க இருக்கறது வெறும் நாலு, அதுலயும் சாப்பாடு, பார்க்கிங்குன்னு ஒரு மணி நேரம் போயிடும்.

அப்புறம் அந்த எடம் அன்னிக்கு தொறந்திருக்கான்னு பாருங்க. நிறைய மியூசியங்களுக்கு திங்கக்கிழமைதான் வார லீவு, உங்க லாங் வீக்கெண்டோட மூணாவது நாளும் திங்கக்கிழமையா இருக்கலாம். அந்த எடத்தோட சொந்த வெப்சைட்ல பாக்குறது நல்லது, முடிஞ்சா ஒரு ஃபோன் போட்டு கேட்டுடுங்க.

ஸ்டெப் 3: மூணு நாளையும் நெரப்பாதீங்க

ஒரு நாள் முழு அவுட்டிங், ஒரு நாள் சாயங்காலம் மட்டும் பக்கத்துல எங்கயாவது ஒரு நடை, ஒரு நாள் வீட்டுலயே. இந்த அளவு போதும். முழு நாள மொத நாளோ நடு நாளோ வெச்சுக்கோங்க, கடைசி நாள் வெச்சீங்கன்னா ஊரே திரும்பி வர்ற டிராஃபிக்ல மாட்டிட்டு மறுநாள் தூக்கம் சொக்க வேலைக்கு போக வேண்டியிருக்கும்.

நெதர்லாந்துல 1,530 பேர வெச்சு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. லீவுக்கு போறவங்க போறதுக்கு முன்னாடியே மத்தவங்கள விட சந்தோஷமா இருக்காங்களாம், ஆனா போய்ட்டு வந்தப்புறம் அந்த சந்தோஷம் நிக்குறதில்ல, ரொம்ப ரிலாக்ஸா இருந்துட்டு வந்தவங்களுக்கு மட்டும்தான் கொஞ்ச நாள் நின்னுச்சாம். இதுலேருந்து நமக்கு ரெண்டு விஷயம் கெடைக்குது. எடத்த புதன்கிழமைக்குள்ளயே முடிவு பண்ணிடுங்க, வியாழனும் வெள்ளியும் அத பத்தி பேசிப்பேசியே சந்தோஷமா இருக்கலாம். வீட்டுல இருக்குற நாள வேஸ்ட்டுன்னும் நெனைக்காதீங்க.

இன்னொன்னு, ரெண்டு பக்க வீட்டுலேருந்தும் "லீவுதான, வந்துட்டு போங்க"ன்னு கூப்பிடுவாங்க. அதையும் அந்த பேப்பர்லயே ஒரு நாளா எழுதி முன்னாடியே சொல்லிடுங்க. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்களே ஃபோன் பண்ணி சொல்லணும், இதுல மட்டும் நான் ரொம்ப பிடிவாதம். மருமகள் மூலமாவோ மருமகன் மூலமாவோ "வரல"ன்னு சேதி போனா வர்ற மனஸ்தாபம் லீவு முடிஞ்சும் தீராது.

ஸ்டெப் 4: ஒரு பெரிய விஷயம், ஒரு சின்ன விஷயம்

ஒரு நாளைக்கு இவ்ளோதான். பெரிய விஷயம் காலைல, சின்னது சாயங்காலம், நடுவுல சாப்பாடும் ஓய்வும். மூணாவதா "வழில தான இருக்கு, அதையும் பாத்துடலாம்"னு ஒண்ண சேத்தீங்கன்னா மூணுமே அரைகுறையாதான் முடியும்.

பெரிய விஷயம் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் புதுசா இருந்தா நல்லது. ஆர்தர் ஏரன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரு குழுவும் 2000ல வெளியிட்ட ஆய்வுல, ஜோடிகள மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் வெல்க்ரோ (ஒட்டுற பட்டை) வெச்சு சேத்து கட்டி, மெத்தை மேல முட்டி போட்டு ஒரு தலகாணிய கைல புடிக்காம நகத்திட்டு போகச் சொன்னாங்க. ஏழு நிமிஷ விளையாட்டுதான், ஆனா அத பண்ணினவங்க, சும்மா சாதாரண வேலைய பண்ணினவங்கள விட, தங்களோட உறவு நல்லாருக்குன்னு சொன்னாங்க. நீங்க கட்டிக்கெல்லாம் வேணாம், ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ண சேந்து செஞ்சா போதும். துடுப்பு போடுற போட், ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள், காலைல பறவை பாக்குறது, மண்பாண்டம் செய்ய கத்துக்குடுக்குற ஒரு நாள் வகுப்பு, இப்டி எதுவா வேணா இருக்கலாம். ஒருத்தர் ஏற்கனவே கில்லாடியா இருக்குற விஷயமா எடுக்காதீங்க, அப்புறம் ஒருத்தர் டீச்சர் இன்னொருத்தர் ஸ்டூடன்ட் ஆயிடுவாங்க.

மலை ஏறுறதா இருந்தா நேரத்த இப்டி கணக்கு போடுங்க. 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இது, இன்னிக்கும் பயன்படுத்துறாங்க. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்ப 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏத்தம்னா 48 நிமிஷமும் 30 நிமிஷமும் சேத்து 1 மணி 18 நிமிஷம். இது நிக்காம நடக்குறவங்களுக்கு. உக்காந்து பேசி ஃபோட்டோ எடுத்து போறவங்க ரெண்டு மணி நேரம்னு வைங்க, ரெண்டு பேர்ல யாரு மெதுவோ அவங்க முன்னாடி நடக்கட்டும்.

ஸ்டெப் 5: பை

பை ஒண்ணே ஒண்ணு போதும். தண்ணி, பவர் பேங்க், வழக்கமா போடுற மாத்திரை, ஒரு துண்டு, மாத்து டிரஸ் ஒண்ணு, கொஞ்சம் கைக்காசு. மேப்ப ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க, கூட்டம் அதிகமான எடத்துல நெட் படுத்தும். சமைச்ச சாப்பாடு எடுத்துட்டு போனா வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்க வேணாம், வெயில் 32 டிகிரிக்கு மேலன்னா ஒரு மணி நேரம்தான், அதனால அன்னிக்கு கெட்டுப்போகாத காஞ்ச அயிட்டமா எடுத்துக்கறது நல்லது. சன்ஸ்கிரீன் போட்டா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப போடணும்.

ஸ்டெப் 6: அன்னிக்கு

சீக்கிரம் கெளம்புங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஒரு மணி நேரம் கெடைச்சா அதுதான் அன்னிக்கு நல்ல நேரமா இருக்கும். வண்டி ஓட்டுறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பதினஞ்சு நிமிஷம் நிறுத்தணும், டிராஃபிக்ல நின்னுட்டே போனாலும் அதே கணக்குதான்.

மதியம் ஒரு மணி வாக்குல ஒரு அமைதி வரும் பாருங்க. காலைலேருந்து நல்லா பேசிட்டு வந்த ஆளு "ம்", "சரி"ன்னு ஒத்த சொல்லுல பதில் சொல்வாங்க, செருப்ப பாத்துட்டே நடப்பாங்க, ஃபோட்டோக்கு நில்லுன்னா நிப்பாங்க ஆனா சிரிப்பு வராது. புதுசுல இத பாத்துட்டு "என் மேல என்ன கோவம்?"னு கேக்கத் தோணும், கேக்காதீங்க. மொதல்ல தண்ணி குடுங்க, நெழல்ல உக்கார வைங்க, ஏதாவது சாப்ட குடுங்க, இருபது நிமிஷம் சும்மா இருங்க. பெரும்பாலும் பசியும் வெயிலும் கால் வலியும்தான். அப்பவும் சரியாகலன்னா, சாயங்கால பிளான விட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம், பக்கத்துல போனதுக்கு பலனே இதுதான். ஃபோன்ல ஒரு நோட் தொறந்து இதெல்லாம் குறிச்சு வைங்க, "பன்னெண்டரைக்கே சாப்ட்டுடணும்", "படிக்கட்டு அதிகம்னா வேணாம்", இந்த மாதிரி. அடுத்த தடவ தூரமா போறப்போ இந்த நோட்தான் உங்க கைடு.

ஃபோட்டோக்கு சாயங்காலம் சூரியன் எறங்குற நேரம் அருமையா இருக்கும். எவ்ளோ நேரம் மிச்சம்னு பாக்க கைய நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல எத்தன விரல் அடங்குதுன்னு பாருங்க, ஒரு விரலுக்கு உத்தேசமா 15 நிமிஷம். சூரியன நேரா உத்துப் பாக்க வேணாம்.

ஸ்டெப் 7: திரும்பி வர்றத நல்லபடியா முடிங்க

1993ல டேனியல் கானமன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரு குழுவும் வெளியிட்ட ஒரு சோதனை இது. ஒரு தடவ 14 டிகிரி குளிர் தண்ணில 60 செகண்ட் கை வைக்கணும், இன்னொரு தடவ அதே 60 செகண்டோட இன்னொரு 30 செகண்ட், ஆனா அந்த 30 செகண்ட்ல தண்ணி மெதுவா 15 டிகிரிக்கு ஏறும். திரும்ப எத பண்றீங்கன்னு கேட்டப்போ பெரும்பாலானவங்க அந்த நீளமானதயே கேட்டாங்க, முடிவு கொஞ்சம் இதமா இருந்ததுதான் காரணம். உங்க அவுட்டிங்கும் அப்டித்தான் ஞாபகம் இருக்கும். அதனால வர்ற வழில மளிகை வாங்குறது, யாரையாவது எட்டிப் பாக்குறது, இதெல்லாம் சேக்காதீங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே படுக்கைய சரி பண்ணி, ராத்திரி சாப்பாட்டுக்கு வழி பண்ணி வெச்சுட்டு போங்க.

மழை வந்தா

ஸ்டெப் 1ல பேப்பர்ல எழுதுற எடங்கள்ல ஒண்ணு கூரைக்கு கீழ இருக்குற மாதிரி வெச்சுக்கோங்க, மியூசியமோ லைப்ரரியோ எதுவா இருந்தாலும் சரி. வெறும் தூறல்னா குடையோட நடக்கறதே நல்லாருக்கும். மின்னல் தெரிஞ்சா மட்டும் எண்ண ஆரம்பிங்க, மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 செகண்டோ அதுக்கு கம்மியோ இருந்தா உடனே கட்டடத்துக்குள்ளயோ மூடின கார்லயோ போயிடணும், மரத்தடில நிக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆனப்புறம்தான் வெளில வரணும்.