மலிவான வினையூக்கி கிடைத்துவிட்டது என்று சொல்லும் முன்

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க பிளாட்டினமும் இரிடியமும் இல்லாமல், நிக்கலையும் இரும்பையும் வைத்தே வேலையை முடிக்க வேண்டும். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஆண்டுக்குப் பத்து டன் இரிடியம்கூடக் கிடைப்பதில்லை என்பதால் இந்தத் தேடல் அவசியமானது. அதனால்தான் தவறான அளவீடு ஒன்று பல மாத உழைப்பைத் திசைதிருப்பும்போது மனம் வலிக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது எதிரே நிற்கும் மின்முனையை. பிளாட்டினம் இல்லாத வினையூக்கியைச் சோதிக்கிறோம்; ஆனால் மின்சுற்றை முடிக்கப் பழக்கத்தில் பிளாட்டினக் கம்பியையே போட்டுவிடுகிறோம். ஹைட்ரஜன் இந்தப் பக்கம் வரும்போது அந்தக் கம்பி நேர்மின்வாயாகி மெல்லக் கரைகிறது. கரைந்த பிளாட்டினம் நம் பொருளின் மேல் வந்து படிகிறது. சோதனையை மறுபடி மறுபடி ஓட்டும்போது செயல்திறன் ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். கிராஃபைட் தண்டுக்கு மாறி மறுபடி அளந்து பாருங்கள்.

ஆக்சிஜன் பக்கத்தில் ஏமாற்றுவது இரும்பு. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் துளி இரும்பு இருக்கும். நிக்கல் அதை உறிஞ்சிக்கொண்டு பல மடங்கு வேகமாக வேலை செய்யும். 1987-லேயே காரிகன் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார்; 2014-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் போட்சரின் குழு, இரும்பு நீக்கிய கரைசலில் நிக்கல் மட்டும் எவ்வளவு மந்தமானது என்று நிறுவியது. தூய நிக்கல் ஹைட்ராக்சைடோடு கரைசலைக் குலுக்கி எடுத்தாலே இரும்பு பெருமளவு போய்விடும். கண்ணாடிக் கலமும் காரத்தில் கரையும், பிளாஸ்டிக் கலமே நல்லது.

நிக்கல் தானே ஆக்சிஜனேற்றம் அடையும் மின்னோட்டம், ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டால், 1.4 வோல்ட் அருகில் எழும். அதை ஆக்சிஜன் வெளியேற்றமாக எண்ணி எழுதிவிடுகிறவர்கள் உண்டு. வாயுவை அளந்தால் குழப்பம் தீரும். சல்பைடு, பாஸ்பைடு என்று பெயர் வைத்த பொருள்களையும் சோதனை முடிந்தபின் திரும்பப் பாருங்கள். நேர்மின்வாயில் அவற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் ஆக்சிஹைட்ராக்சைடாக (உலோகத்தோடு ஆக்சிஜனும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த சேர்மமாக) மாறியிருக்கும்.

வினையூக்கிகளை ஒப்பிட வழக்கமாக எடுக்கும், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் என்ற மின்னோட்ட அளவு, சூரிய ஒளியால் தண்ணீரைப் பிரிக்கும் கலங்களுக்காக வந்தது. காரக் கரைசலில் ஹைட்ரஜன் எடுக்கும் தொழிற்சாலைக் கலங்கள் 200 மில்லிஆம்பியருக்கு மேல், 70–80 டிகிரி செல்சியஸில், 30 சதவீதக் காரத்தில் ஓடுகின்றன. அறை வெப்பநிலையில் கிடைத்த வெற்றி அங்கே நிற்குமா என்பது தனிக் கேள்வி. வெயில் மறைந்து மின்சாரம் நின்றதும் பின்னோக்கிப் பாயும் மின்னோட்டம் மின்வாய்களை அரிக்கும். ஆகவே நிறுத்தி நிறுத்தி ஓட்டும் சோதனையையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.